இலிதியம் பதினொன்றின் கோட்டை

1997 ஓகஸ்ட் 3, ஞாயிறு. ஹட்டன்

நான் எழுதாத பொய்யை என் பெயர் போட்டு அச்சடித்துவிட்டார்கள். இதை முதலில் எழுதி வைக்கிறேன். கிழவன் சின்ன விஷயத்துக்குக் குதித்தான் என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது.

நான் எழுதிக் கொடுத்தது இது: 'மழைக்கு முன்னால் நிலா கோட்டை கட்டுவதுபோல, இலிதியம் பதினொன்று என்ற அணுக்கருவைச் சுற்றி இரண்டு நியூத்திரன்கள் எட்டி நிற்கின்றன.' நிலாவைச் சுற்றி விழுகிற மங்கல் வளையத்தைத்தான் நாங்கள் கோட்டை என்போம்.

'முகடு' காலாண்டிதழில் வந்திருப்பது இது: 'இலிதியம் பதினொன்று தன்னைச் சுற்றி ஒளிவட்டம் வீசிப் பிரகாசிக்கிறது.'

பிரகாசிக்கிறதாம்! ஒளிவட்டம் என்பது சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைகிற தட்டு. அணுக்கருவுக்கு அது எதற்கு? அதில் வெளிச்சம் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் 'ஹேலோ' என்று இருந்ததாம். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது கோணலாக நின்றதால் பக்கத்து வாக்கியத்தையும் வெட்டிச் சரிப்படுத்தியிருக்கிறார்கள்.

இதழாசிரியர் றமணன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பௌதிக ஆசிரியர், பட்டதாரி. நான் ஐந்தாம் வகுப்பு. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் படித்தே ஆங்கிலமும் வந்தது, விஞ்ஞானமும் வந்தது. அதனால் என் சொல் மட்டமா?

ராசம்மா கேட்கிறாள்: "ஏங்க, அந்தக் கோட்டையில நாம குடியிருக்கவா போறோம்? வந்து சாப்பிடுங்க."

சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 4

சாப்பிட்டேன். கோபம் அப்படியே இருக்கிறது.

ஓகஸ்ட் 10

றமணன் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போனேன். இளம் ஆள். நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். உட்காரவில்லை.

"ஒளி எங்க சார் இருக்கு? காட்டுங்க," என்றேன்.

"ஐயா, ஒளி எண்டது பிழைதான். அதை ஒத்துக்கொள்ளுறன். அவசரத்தில செய்தது. ஆனா கோட்டை எண்டு போட ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கோட்டை எண்டால் மதில். இதுக்கு மதில் இல்லை. இன்னொண்டு, நியூத்திரன் 'எட்டி நிற்கின்றன' எண்டு எழுதியிருக்கிறியள். அது நிக்கிறேல்லை ஐயா. பரவியிருக்கும். இன்ன இடத்தில எண்டு சொல்ல ஏலாது."

எனக்கே பாடம்! வெளியே வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 11

நேற்று வாயில் வராமல் போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பாடப்புத்தகத்திலும் அணுக்கரு ஒரு கொழுக்கட்டை. உள்ளே எங்கே கிள்ளினாலும் ஒரே அடர்த்தி. ஓரத்துக்கு வந்தால் சட்டென்று முடிந்துவிடும். துகள் கூடினால் கொழுக்கட்டை அந்தக் கணக்குக்குப் பெருக்கும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நுவரெலியா நூலகத்தில், ஒருவரும் தொடாமல் ஈரம் பிடித்துக் கிடந்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில்தான் இதைப் படித்தேன். இலிதியம் பதினொன்றில் மூன்று புரோத்தன், எட்டு நியூத்திரன். மிகச் சின்னது. பிறந்து கண் இமைப்பதற்குள் அழிந்துபோவது. அதை ஒரு தகட்டின் மேல் எறிந்து பார்த்திருக்கிறார்கள். அதன் அளவுக்கு மோத வேண்டியதைவிட நிறைய மோதியிருக்கிறது. அப்படியானால் அது நினைத்ததைவிடப் பெரிது. எவ்வளவு பெரிது? ஏறக்குறைய ஈயத்தின் அணுக்கரு அளவு. ஈயத்தில் இருநூறுக்கு மேல் துகள், இதில் பதினொன்று!

எப்படி என்றால், ஒன்பது துகள் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மிச்சம் இரண்டு நியூத்திரன் வெகு தூரத்தில். அந்தத் தூரத்தில் அடர்த்தி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெலிவு.

இன்னும் ஒன்று. அதைப் படித்துவிட்டு நான் நூலகத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். வெளியே இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால், மற்றது அந்தக் கருவோடு தங்காது, போய்விடும். அந்த இரண்டையும் தனியே விட்டாலும் ஒட்டாது. நடுவில் கிடப்பதும் அந்த இரண்டும், மூன்றும் சேர்ந்திருந்தால்தான் உண்டு.

வாழ்நாள் முழுக்க ஈயத்தைக் கையில் வைத்திருந்தவன் நான். அதன் அளவுக்கு வந்து நிற்கிறது இந்தச் சுண்டைக்காய். அதை நான் தமிழில் எழுதினேன். அதற்குப் போய் சாமிப்படத் தட்டு.

ஓகஸ்ட் 24

கோபத்துக்கு இப்போது ஒரு காரணம் கூடிவிட்டது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு விஞ்ஞான வாசிப்பு நூல் தொகுக்கிறார்களாம். மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் போகுமாம். தொகுப்பவர் அதே றமணன். என் கட்டுரையும் அதில் சேர்கிறது.

இதழ் என்றால் கடலை சுற்றப் போய்விடும். நூல் அப்படியா? ஒரு பிள்ளை பரீட்சையில் 'இலிதியம் ஒளி வீசும்' என்று எழுதும். அடுத்த வருஷம் அது ஆசிரியையாகி இன்னும் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். நான் செத்த பிறகும் என் பெயரில் அந்தப் பொய் நடந்துகொண்டிருக்கும்.

விடமாட்டேன்.

செப்டெம்பர் 12

பொகவந்தலாவைக்குப் போய் ஒரு பாடசாலையில் பேசினேன். ஊர்மிளா டீச்சர் அழைத்திருந்தார். என் சொல் பிள்ளைகளுக்கு விளங்குகிறது என்று றமணனுக்குக் காட்டத்தான் போனேன். உள்ளதை எழுதுகிறேன்.

பேசி முடித்து, "இலிதியம் பதினொன்றின் கோட்டையை வரைங்க," என்றேன்.

வரைந்தார்கள். மதில் வைத்து, மதிலில் பல்லு வைத்து, கதவு வைத்து, கதவில் காவல்காரன் வைத்து. ஒரு பெண் மட்டும் தண்டவாளம் போட்டு ரயிலும் விட்டிருந்தாள். "என்னம்மா இது?" என்றேன். "கோட்ட ஸ்டேஷன் சார். கொழும்புல எங்க மாமா அங்கதான் எறங்குவாரு."

"நிலா கோட்டை கட்டி நீங்க பார்த்ததே இல்லையா?" என்று கேட்டேன். பின் வரிசையில் ஒருத்தி, "இங்க நிலாவே தெரியாதுங்க சார், ஒரே மிஸ்ட்டு," என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

பிழை பிள்ளைகளிடம்தான். ஆகாயத்தைப் பார்க்காத பிள்ளைகள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த மதில்களே கண்ணில் நின்றன.

செப்டெம்பர் 20

றமணன் வீட்டுக்கு வந்தார், நான் அழைக்காமலே. பொகவந்தலாவைக் கதை அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. சிரிக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அண்டைக்கு ஒரு காரணத்தைத்தான் சொன்னனான். மற்றதைச் சொல்லேல்லை. எங்கட வீடு பண்ணைப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள இருந்து ஆமி அடிச்ச செல்லிலதான் வீடு போனது, அப்பாவும் போனார். கோட்டை எண்டு எழுத எனக்குக் கை வராது. நிலாவை நினைச்சு எழுத நீங்கள் குடுத்து வைச்சனியள்."

ராசம்மா இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

பிறகு அவரே சொன்னார்: "ஆனா கட்டுரை உங்கடை. ஒளியை விடக் கோட்டை குறைஞ்ச பிழை. நான் திருப்பிப் போடுறன்."

வென்றுவிட்டேன். அப்படி எழுதிவிட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஒக்டோபர் 5

பிழைதிருத்தப் பக்கம் வந்தது. கண்டியில் கணினியில் கோத்தது, எழுத்தெல்லாம் ஒரே வழவழப்பு. 'கோட்டை' ஆறு இடத்தில் வருகிறது. எல்லாம் சரி. ஒரு வாக்கியத்தை மட்டும் இன்னும் இறுக்கினேன்: 'கோட்டையில் இருவர். ஒருவரை எடுத்தால் மற்றவரும் நில்லார். அத்தோடு எல்லாம் சிதறும்.' படமும் வைத்தேன். நடுவில் கரும்புள்ளி, சுற்றி வட்டம், வட்டத்தில் இரண்டு புள்ளி.

நல்ல பக்கம்.

ஒக்டோபர் 16

நேற்று கொழும்புக் கோட்டையில் குண்டு. வானொலியைத் திருப்பினால் அதே செய்தி. கடைத்தெரு சீக்கிரம் அடைத்துவிட்டது. தமிழாட்கள் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.

ஒக்டோபர் 19

றமணனைப் பிடித்துவிட்டார்கள்.

நேற்று அச்சகத்துக்குப் பக்கங்களைக் கொடுக்கக் கண்டிக்குப் போயிருக்கிறார். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அட்டையில் யாழ்ப்பாண விலாசம். பையைக் கொட்டியிருக்கிறார்கள். பையில் என் பக்கம்.

தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு பொலிஸ்காரன் வாசித்திருக்கிறான். அணு. கோட்டை. இருவர். எல்லாம் சிதறும். வட்டம் போட்ட படம் வேறு.

என் பக்கம். என் வாக்கியம்.

ஐயோ, எழுத்துக் கூட்டினால் போதுமா? அடுத்த வரியைப் படிக்கக்கூடாதா? நிலா என்று இருக்கிறதே! நியூத்திரன் என்று இருக்கிறதே! அடுத்த வரியைப் படிக்காத பயல் ஒரு மனுஷனைக் கூண்டில் போடுவதா? என்ன நாடு இது? என்ன படிப்பு இது?

ஒக்டோபர் 20

மூக்கனை அழைத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். அவன் தோட்டக் கமிட்டித் தலைவர், பொலிஸ் வாசல் பழகியவன். போகும்போது என்னைத் தேற்றப் பார்த்தான். "டேய் சோல, ஒன் அணுவுல மூணு பேரு சேர்ந்து நிக்கிறானாமே. நம்ம யூனியன்ல ரெண்டு பேரு சேர்ந்து நின்னு நான் பார்த்ததில்லடா." சிரிப்பு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் நடுவயது. மேசையில் என் பக்கம் கிடந்தது. கோட்டை என்ற சொல்லுக்கெல்லாம் சிவப்பு மையில் வளையம். அச்சுக்கூடத்தில் பிழைக்குப் போடுகிற வளையம் மாதிரியே இருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும், பேசினேன்.

"சீயா, இது கொட்டுவதானே?" என்றார். சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா, கொட்டுவ என்றால் கொழும்புக் கோட்டை.

"இல்லை மாத்தயா. நிலாவைச் சுற்றி வருமே, அது."

"நிலாவில் யார் இரண்டு பேர்?"

"ஆட்கள் இல்லை. நியூத்திரன்."

"ஆட்கள் இல்லையென்றால் 'இருவர்' என்று ஏன் எழுதினீர்கள்?"

அது சரியான கேள்வி. அழகுக்காக எழுதினேன் என்று ஒரு பொலிஸ் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

"எழுதியது நான். என்னைப் பிடியுங்கள், அவரை விடுங்கள்," என்றேன்.

"சீயாவுடைய விலாசம் ஹட்டன். அவருடையது யாழ்ப்பாணம்," என்றார். பகையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

வெளியே வந்ததும் மூக்கன் சொன்னான்: "நீ சத்தம் போட்டதுல அந்தாளுக்குக் காதே அடைச்சிருக்கும். நாளைக்கு நான் பேசுறேன், நீ தலைய மட்டும் ஆட்டு."

ஒக்டோபர் 24

நூலகத்துச் சஞ்சிகையை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் படங்களைப் பார்த்தார், ஆங்கிலத்தை வாசித்தார். "இது விஞ்ஞானம் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் தாள்கள் மேலே போய்விட்டன, சீயா. இனி மேலே இருப்பவர்களுக்கு விளங்க வேண்டும்," என்றார்.

மேலே யார்? எந்த மேலே? பெயர் கேட்டேன். சொல்லவில்லை.

ஒக்டோபர் 30

தீபாவளி. பலகாரம் கொண்டுபோனோம். உள்ளே விடவில்லை.

நவம்பர் 2

ராசம்மா இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "ஒங்க சொல்லு பெருசா, அந்தப் புள்ள பெருசா? அது வேணாம் வேணாம்னுச்சு. நீங்கதான் மல்லுக்கு நின்னீங்க."

"பிடிச்சது நானா? பொலிசு!" என்று கத்தினேன்.

"பொலிசத்தான் நான் கத்த முடியாதே. ஒங்கள கத்துறேன்."

நவம்பர் 9

கண்டி அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். கட்டுரையையே எடுத்துவிடலாமாம். 'பிரச்சினை வேண்டாம் பெரியவரே' என்கிறார். முடியாது என்றேன். அப்படியென்றால் அந்தச் சொல்லையாவது மாற்றுங்கள் என்றார்.

எப்படி மாற்றுவது? இன்றைக்கு மாற்றினால், அது குண்டுச் சொல்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். றமணன் உள்ளே இருப்பது நியாயம் என்றாகிவிடும். மாற்றாவிட்டால்? நூலைப் பார்த்துவிட்டு, இவன்கள் மறுபடியும் அதையே எழுதுகிறான்கள் என்று அவரை இன்னும் இறுக்கினால்?

எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

நவம்பர் 16

மூக்கன் எப்படியோ பேசி, எனக்கும் றமணனுக்கும் சிறிது நேரம் வாங்கிக் கொடுத்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். மெலிந்துவிட்டார். இடது காதில் கேட்கவில்லை போலிருக்கிறது. வலது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஏன் என்று கேட்டேன். "பிறகு சொல்லுறன் ஐயா," என்றார். பக்கத்தில் பொலிஸ்காரன் நின்றான்.

அச்சகம் சொன்னதைச் சொன்னேன். சொல்லை மாற்றட்டுமா என்று கேட்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

யோசிக்காமல் சொன்னார்: "எனக்காக மாத்த வேண்டாம். இவைக்குப் பயந்தும் மாத்த வேண்டாம். பிழை எண்டால் மட்டும் மாத்துங்கோ."

பிழை என்றால் மட்டும்.

வீட்டுக்கு வந்து குடையைக்கூட மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 17

பிழையா?

கோட்டை என்றால் ஓரம் உண்டு. இது உள், இது வெளி என்று கோடு கிழித்துவிடும் சொல். இந்தக் கருவின் புதுமையே அதற்கு ஓரம் இல்லை என்பதுதான். மற்றக் கருக்களில் அடர்த்தி சட்டென்று முடிகிறது. இதில் முடியாமல் தேய்ந்து தேய்ந்து போகிறது. நான் என்ன செய்தேன்? முடிவில்லாத ஒன்றுக்கு மதில் வைத்தேன். பொகவந்தலாவைப் பிள்ளைகள் நான் சொன்னதைத்தான் வரைந்தார்கள்.

'எட்டி நிற்கின்றன' என்பதும் பிழை. அவை நிற்பதில்லை. இரண்டே இரண்டுதான், ஆனால் இன்ன இடம் என்று இல்லாமல் அந்த வெளி முழுக்கப் பரவியிருக்கின்றன. இதையும் அவர் முதல் நாளே சொன்னார்.

சரி. பிழை. பொலிஸ் சொன்ன பிழை வேறு, இந்தப் பிழை வேறு. இரண்டையும் ஒருவரும் போட்டுக் குழப்பக்கூடாது.

நவம்பர் 19

சொல் தேடுகிறேன். வட்டம்: இதற்கும் கோடு உண்டு. பரிவேடம்: நாடகத்து வேஷம் என்று நினைப்பார்கள். ஊர்கோள்: பழைய அகராதிச் சொல், நிலாவைச் சுற்றி வருவது இதுவேதான், ஆனால் பிள்ளைகள் கிரகம் என்று எழுதி வைப்பார்கள்.

மூட்டம்.

நியூத்திரன் மூட்டம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்க முடியாது. நடுவில் கனம், போகப்போக மெலிவு. யாழ்ப்பாணத்திலும் மூட்டம் என்றால் மூட்டம்தான், ஹட்டனிலும் அதுதான். யாருடைய வீட்டையும் இடித்த சொல் இல்லை.

நீளமும் ஏறக்குறைய கோட்டை அளவுதான். பக்கத்தில் சரியாக உட்காரும்.

நவம்பர் 23

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்: "சொல்லை மாற்றுகிறேன். உங்களுக்காக இல்லை. அடர்த்திக்கு ஓரம் இல்லாததால்." சத்தம் போடவில்லை. அவர் ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினார். "இதை எழுதிக் கொடுக்க முடியுமா சீயா, சிங்களத்தில்?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "மேலே அனுப்புகிறேன். கொட்டுவ இல்லை என்று எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். இப்படிச் சண்டை போட்டு எழுதினால் நம்புவார்கள்."

எழுதினேன். அடர்த்தி என்பதற்குச் சிங்களச் சொல் எனக்கு வரவில்லை. அவரே சொன்னார்.

டிசம்பர் 5

விட்டுவிட்டார்கள்! மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. ஞாயிறுதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். குற்றம் இல்லையென்றால் கையெழுத்து எதற்கு? கேட்டேன். மூக்கன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

டிசம்பர் 6

செய்ய வேண்டியவை.

கண்டி அச்சகம்: 'கோட்டை' வரும் ஆறு இடத்திலும் 'மூட்டம்'. 'ஒளி' ஓரிடத்திலும் வரக்கூடாது. 'இருவர்' என்பதை 'இரண்டு' ஆக்குவது. ஒன்றை எடுத்தால் மற்றதும் தங்காது என்ற வாக்கியத்தை ஒருவரும் தொடக்கூடாது. பயமாக இருந்தால் அச்சகத்தை மூடிவிட்டுப் போகட்டும்.

தம்பி றமணன்: அடர்த்தி வரைகோட்டை அவரே போடுவது. அந்தக் கணக்கு எனக்கு வராது. கட்டுரைக்கு இரண்டு பெயர். தன் பெயர் வேண்டாம் என்கிறார். வேண்டும்.

மூக்கன்: றமணனுடைய வகுப்புகளைத் திருப்பித் தரும்படி கல்வி அலுவலகத்துக்குத் தொழிற்சங்கக் கடிதம். வாயால் சொன்னேன் என்று சொல்லக்கூடாது, பிரதி வேண்டும்.

கல்வி அலுவலகம்: பிடித்து வைத்திருந்த காலத்தை லீவு என்று எழுதாமல் இருப்பது. லீவில் போகவில்லை.

இன்ஸ்பெக்டர்: பையையும் பக்கத்தையும் திருப்பித் தருவது. காதில் அடித்தவன் யார் என்று சொல்வது. சொல்லும்வரை கேட்பேன்.

ராசம்மா: வவுனியாவிலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு றமணனுடைய அம்மா வருகிறார். எங்கள் வீட்டில்தான் தங்குவது. படுக்கை ஏற்கெனவே விரித்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை.

நான்: நாளைக்குக் காலை கையெழுத்துப் போடப் போகும் பஸ்ஸில் றமணனுக்குக் கேட்காத இடது பக்கம் உட்காருவது. இனி எல்லா ஞாயிறும்.